கதவைச் சாத்தியவன்

ஃபைலகாவுக்கு வாரம் மூன்று படகு.
மற்ற நாளில் நானும் ஜெனரேட்டரும்
யாருக்கோ சொந்தமான ஒட்டகங்களும்தான் தீவு.

குழி தோண்டும் பேராசிரியர்களுக்கு
விளக்கு அணையாமல் பார்ப்பது என் வேலை.
தூரிகையால் மண்ணைத் தடவித் தடவி
அவர்கள் எடுப்பது ஒரு சுவரின் பாதம்,
அகல் ஒன்றின் மூக்கு,
கைப்பிடி போன ஜாடி.
இரண்டாயிரம் வருஷத்துக்கும் முன்னால்
கிரேக்கச் சிப்பாய்கள் இங்கே கோவில் கட்டினார்களாம்.
ஊர் திரும்பினார்களா என்று கேட்டேன்.
சான்று இல்லை என்றார் தாடிக்காரர்,
அதுவும் ஓர் ஊரின் பெயர் போல.

ராத்திரியில் நான் கதை சொல்கிறேன்,
போனில், துண்டு துண்டாகக் குரல் பதிந்து,
ஜலீப் கேம்பின் ஏழாம் அறைக்கு.

இரட்டைச் சூரியன் கொண்ட ஒரு கிரகம்.
ஒன்று அவிந்துவிட்டது, மற்றது இருமுகிறது.
உப்பைக் குடித்து வாழும் ஜனம், உவரர்.
பிள்ளை பிறந்ததும் சாவுத் தேதியை நெற்றியில் எழுதுவார்கள்,
எல்லா நெற்றியிலும் ஒரே தேதி.
ஆனாலும் பல் விளக்குகிறார்கள்,
வட்டிக்கு விடுகிறார்கள், சீட்டுப் பிடிக்கிறார்கள்.
கடைசிச் சீட்டை எடுப்பவன் ஏமாளி என்று
அங்கேயும் தெரியும்.

அவர்களுடைய வீரன் எழினன்.
ஆறு கை, பேசுகிற வாள்,
வானத்தில் ஓடும் ஒரே ஒரு கப்பல்.
நேற்று அந்தக் கப்பல் கிளம்பிவிட்டது.
உப்பளத்தில் இன்னும் இருபது பேர் ஓடி வருகிறார்கள்,
முதலில் வருபவன் அவன் தம்பி.
எழினன் கதவைச் சாத்தினான்
என்று சொல்லி நிறுத்தினேன்.

ஏழாம் அறை தூங்கவில்லை.
வெல்டர் ஞானதிரவியம் கத்துகிறான்:
"ஆறு கைய வச்சுக்கிட்டு
ஒண்ணால கூடவா தொறக்க முடியாது?"
சேகுதாவூது அமைதியாகக் கேட்கிறான்:
"அவன் நல்லவன்தானே அண்ணே?"

அந்தக் காலத்துக் கிரேக்கப் பாட்டுக்காரர்கள்
வீரனின் குறையை மறைப்பதில்லையாம்.
அவன் ஆத்திரம், அவன் வீம்பு,
அதற்காகச் செத்த மற்றவர்கள்,
எல்லாமே பாட்டில் இருக்குமாம்.
நம் நடுகல்லில் மாடு மீட்டது மட்டும் இருக்கும்.
கல் சின்னது.

போன ஆகஸ்டில் ஷுவைக்கில் நான் ஃபோர்மேன்.
பதினொன்று முதல் நாலு வரை வெயிலில் வேலை கூடாது.
கான்கிரீட் இறுகிவிடும் என்றார் இஞ்சினியர்.
எல்லோரும் ஓய்வில் இருப்பதாக
ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன்.
அழகான கையெழுத்து எனக்கு.
பன்னிரண்டே முக்காலுக்குப் பெத்தணசாமி
என் கன்டெய்னர் கதவைத் திறந்து நின்றான்.
ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தான்.
ஏதோ சொல்ல வாயெடுத்தான்.
"ஏசி போகுது, சாத்து" என்றேன்.
அவனேதான் சாத்தினான்,
மெதுவாக, தாழ்ப்பாள் சத்தம் கேட்காதபடி.

இந்தத் தீவிலும் ஜனம் இருந்தது.
தொண்ணூறில் சண்டை வந்ததும்
அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுப் போயிருக்கிறார்கள்.
சல்லடையாய்ச் சுடப்பட்ட வங்கிக்குப் பின்னால்
ஒரு வீட்டுக்குச் சுவர் மூன்றும் விழுந்துவிட்டன,
வாசல் மட்டும் பூட்டோடு நிற்கிறது.
சாவி யாரிடமோ, எந்த ஊர் அலமாரியிலோ,
இன்னும் பத்திரமாக இருக்கலாம்.

இன்றைக்குப் பதிவுப் பொத்தானை அழுத்திக்கொண்டு
நாற்பது நொடி நின்றேன்.
எழினன் நல்லவனா என்று சொல்லத்தான்.
வாய் வரவில்லை. விரல் எடுத்ததும் அது போய்ச் சேர்ந்தது,
ஜெனரேட்டரின் உறுமல், அதற்கு மேல் கடல்காற்று.

உடனே பதில். ஞானதிரவியம்.
"அண்ணே, கதவு தொறக்குற சத்தமா அது?"
பின்னால் ஏழெட்டுப் பேர் மூச்சு.

ஒன்றும் அனுப்பவில்லை இன்னும்.
டார்ச்சை எடுத்துக்கொண்டு
டீசல் அளவு பார்க்கப் போனேன்.